சாக விட்டவர்கள்: லியோனிடாஸ் டயரின் இரண்டு சட்டங்கள்

கல்லூரி ஹாஸ்டலில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து மைக்கேல் மானின் 'பப்ளிக் எனிமீஸ்' பார்த்தோம். வங்கிக் கொள்ளையன் ஜான் டில்லிஞ்சராக ஜானி டெப். இண்டியானா மாநிலத்தின் க்ரௌன் பாயின்ட் சிறையிலிருந்து தப்பி, அந்த ஊர் ஷெரிஃபின் காரையே எடுத்துக்கொண்டு போவான். அறையே கைதட்டியது. அது கற்பனை இல்லை, 1934 மார்ச் 3ஆம் தேதி நிஜமாகவே நடந்தது. அதற்குப் பின்னால் இருந்த சட்டக் கதையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன்.

கொள்ளை, கொலை, சிறை உடைப்பு எல்லாமே அன்றைக்கு அந்தந்த மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டிய குற்றங்கள். வாஷிங்டனில் இருந்த ஃபெடரல் துப்பறியும் அமைப்புக்கு (பிறகு இதற்குத்தான் எஃப்.பி.ஐ. என்று பெயர் வந்தது) அவரைத் துரத்தத் தனியாக ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தை டில்லிஞ்சரே கொடுத்தார். திருடிய காரோடு மாநில எல்லையைத் தாண்டி இல்லினாய்க்குள், சிகாகோவுக்குப் போனார். அது ஃபெடரல் குற்றம். அந்தச் சட்டத்தைப் பேச்சுவழக்கில் 'டயர் சட்டம்' என்பார்கள்.

கார் சட்டத்துக்கு டயர் சட்டம் என்று பெயரா என்று முதலில் சிரித்தேன். டயர் ஒரு மனிதரின் பெயர் என்று தெரிந்ததும் மனம் நேராக ஜாலியன்வாலா பாக் போனது. சட்டம் வந்த வருடமும் 1919தான். நமக்கெல்லாம் 1919, டயர் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்துச் சொன்னால் வேறு யாரும் ஞாபகத்துக்கு வர மாட்டார்கள். ஆனால் இவர் வேறு டயர். லியோனிடாஸ் டயர், மிசௌரி மாநிலத்து வக்கீல், குடியரசுக் கட்சிக்காரர். இவர் பெயரில் இன்னொரு சட்டமும் வந்திருக்க வேண்டியது. அது வரவில்லை. நடந்ததையும் நடக்காததையும் சேர்த்து வைத்துப் படித்தால்தான் இந்த மனிதர் பிடிபடுகிறார். இந்தக் கட்டுரையில் அவருடைய இரண்டு சட்ட வரைவுகளை இரண்டு பிரதிகளாக வாசித்துப் பார்க்க முயல்கிறேன்.

*

வாழ்க்கைக் குறிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1871இல் மிசௌரியின் வாரன் கவுண்டியில் பிறந்தவர். செயின்ட் லூயிஸ் நகரத்தின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1893இல் வழக்கறிஞரானார். அந்த நகரத்திலேயே அரசுத் தரப்பு உதவி வழக்கறிஞராக வேலை பார்த்தார். ஸ்பெயினோடு நடந்த போரில் படையில் இருந்தார். 1911இல் அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபைக்குள் நுழைந்தார். நடுவில் 1914இல் ஒரு தேர்தல் தகராறில் பதவி போனது. அடுத்த தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்து 1933 வரை அங்கேயே இருந்தார். பெரிய பேச்சாளர் என்றோ சிந்தனையாளர் என்றோ யாரும் அவரைக் கொண்டாடியதில்லை. தொகுதியைப் பார்த்துக்கொண்ட ஒரு நடுத்தர அரசியல்வாதி. வக்கீல் தொழிலிலிருந்து காங்கிரஸுக்குப் போன நூற்றுக்கணக்கானவர்களில் ஒருவர்.

அவருடைய ஊர் இருக்கும் இடம் முக்கியம். செயின்ட் லூயிஸ் மிஸிஸிப்பி ஆற்றின் மேற்குக் கரையில், மிசௌரி மாநிலத்தில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் இல்லினாய் மாநிலம். அந்தக் கரையில் இருக்கும் ஊரின் பெயரும் கிட்டத்தட்ட அதேதான்: ஈஸ்ட் செயின்ட் லூயிஸ். பாலத்தைத் தாண்டினால் சட்டம் மாறும், போலீஸ் மாறும், நீதிமன்றம் மாறும். இந்தப் பாலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சட்டத்துக்கும் இடையில் இது கிடக்கிறது.

முதல் பிரதி 1919 அக்டோபர் 29இல் சட்டமானது. திருட்டு வாகனம் என்று தெரிந்தே அதை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் 5 வருடம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், அல்லது இரண்டும். அமெரிக்கா முழுக்க கார்கள் பெருகிக்கொண்டிருந்த காலம். திருடியவன் எல்லையைத் தாண்டிவிட்டால் பின்னாலேயே வந்த போலீஸ்காரர் அங்கேயே நின்றுவிட வேண்டியதுதான். அந்த ஓட்டையை இந்தச் சட்டம் அடைத்தது. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு அரசியலமைப்பிலேயே இருப்பதால், இது செல்லும் என்று 1925இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பிரதியாகப் பார்த்தால் இது நல்ல எழுத்து. சின்னது, வினைச்சொல் தெளிவானது. யார், எதை, எங்கிருந்து எங்கே என்று எல்லாம் சொல்லியாகிவிட்டது. ஒரே இடத்தில்தான் தடுக்கியது. 'மோட்டார் வாகனம்' என்றால் என்ன? கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், தண்டவாளத்தில் ஓடுவதற்காகச் செய்யப்படாத, தானே இயங்கும் வேறு எந்த வாகனமும் என்று ஒரு பொது வரி சேர்த்திருந்தார்கள். மெக்பாயில் என்பவர் திருட்டு விமானம் ஒன்றை இல்லினாயிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் கொண்டுபோக வைத்த வழக்கில் தண்டிக்கப்பட்டார். விமானம் தானே இயங்குகிறது, தண்டவாளத்தில் ஓடவில்லை. அப்படியானால் அது மோட்டார் வாகனமா? 1931இல் நீதிபதி ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் இல்லை என்றார். சாதாரண ஆள் காதில் அந்தச் சொல் விழுந்தால் நிலத்தில் ஓடும் ஒன்றுதான் கண்ணில் வரும், தண்டிக்கப்படப் போகிறவனுக்குச் சட்டம் முன்கூட்டியே புரியும்படி இருக்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

மென்பொருள் எழுதுகிறவனாக எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும். பட்டியலில் கடைசியாகச் சேர்க்கும் 'மற்றவை' எவ்வளவு ஆபத்தானது என்று எங்களுக்குத் தெரியும். இப்படித் தடுக்கியதோடு அந்தச் சட்டத்தின் கஷ்டம் முடிந்தது. விமானம் விடுபட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். காரைப் பார்க்கும் கண் சட்டத்துக்கு ஏற்கனவே இருந்தது. டயர் அதற்குக் கண்ணாடி மாட்டிவிட்டார், அவ்வளவுதான்.

*

இப்போது பாலத்துக்கு வருவோம். 1917 ஜூலை 2. தெற்கு மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி, வடக்குத் தொழிற்சாலைகளில் வேலை தேடி வந்த கறுப்பின மக்கள் ஈஸ்ட் செயின்ட் லூயிஸில் குடியேறிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கும்பல்கள் அவர்கள் குடியிருப்புகளுக்குத் தீ வைத்தன. வெளியே ஓடி வந்தவர்களைச் சுட்டார்கள். அதிகாரபூர்வக் கணக்கிலேயே 39 கறுப்பின மக்கள் இறந்தார்கள். உண்மையில் அதைவிட மிக அதிகம் என்பதே பல ஆய்வாளர்களின் கருத்து. கலவரத்தை அடக்க அனுப்பப்பட்ட படையினரில் பலர் வேடிக்கை பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி மிசௌரிக்குள் ஓடினார்கள். டயரின் நகரத்துக்கு. அவர் தொகுதியில் ஏற்கனவே கறுப்பின வாக்காளர்கள் கணிசமாக இருந்தார்கள்.

காங்கிரஸ் விசாரிக்க வேண்டும் என்று கேட்டவர்களில் டயரும் ஒருவர். விசாரணைக் குழுவும் அமைந்தது, அடுத்த வருடம் அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோது ஒரு விஷயத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தக் குழுவுக்கு விசாரிக்கும் அதிகாரம் வந்ததே மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் தடைப்பட்டது என்ற அடிப்படையில்தான். கும்பலின் செயலால் வணிகம் கிட்டத்தட்ட நின்றே போனது என்று அறிக்கை பதிவு செய்கிறது. மனிதர்கள் எரிந்ததை ஃபெடரல் அரசு விசாரிப்பதற்கு, சரக்கு ரயில் நின்றதைச் சொல்லி உள்ளே வர வேண்டியிருந்தது. குழுவில் இருந்தவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த வழியாக மட்டும்தான் கதவு திறந்தது.

இதே காலத்தின் மற்ற சட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் சட்டவிரோதமாக வேட்டையாடிய பறவையை இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் 1900இலிருந்தே ஃபெடரல் குற்றம். வலசை போகும் பறவைகளைக் காக்க 1918இல் தனிச் சட்டம். அது மாநில உரிமையில் தலையிடுகிறது என்று வழக்குப் போட்டது வேறு யாரும் இல்லை, டயரின் மிசௌரி மாநிலமேதான். 1920இல் தோற்றது. தீர்ப்பை எழுதியவர் அதே ஹோம்ஸ். 1891இல் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கும்பல் இத்தாலிய வம்சாவளியினர் 11 பேரைக் கொன்றபோது, இத்தாலி அரசு எகிறியதால் அமெரிக்க அரசு சுமார் 25,000 டாலர் நஷ்டஈடு கொடுத்தது. அடுத்த மாநிலத்துக்குப் போன கார், எல்லை தாண்டும் பறவை, வெளிநாட்டுக் குடிமகன் என எல்லோருக்கும் வாஷிங்டனில் ஒரு கதவு இருந்தது. தன் ஊரிலேயே பிறந்து, தன் ஊரிலேயே மரத்தில் தொங்கவிடப்பட்ட சொந்தக் குடிமகனுக்கு அது இல்லை. அவன் எந்த எல்லையையும் தாண்டவில்லை.

*

ஆங்கிலத்தில் லிஞ்சிங் என்ற ஒரே சொல் இதையெல்லாம் குறிக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவரை, சில சமயம் குற்றமே சாட்டப்படாதவரையும், வீட்டிலிருந்தோ சிறையிலிருந்தோ இழுத்து வந்து ஊர் பார்க்கக் கொல்வது. புகைப்படம் எடுத்துத் தபால் அட்டையாக விற்றார்கள். படத்தில் முகங்கள் தெளிவாகத் தெரியும். ஆனால் மரண விசாரணை அதிகாரி எழுதும் முடிவு பெரும்பாலும் ஒன்றேதான்: இனந்தெரியாத நபர்களின் கையால் மரணம்.

பள்ளியில் செயப்பாட்டு வினை படித்திருப்போம். 'ராமன் பாடத்தைப் படித்தான்' என்பது 'பாடம் ராமனால் படிக்கப்பட்டது' என்று மாறும். அதில் 'ராமனால்' என்பதை எடுத்துவிட்டாலும் வாக்கியம் உடையாது. 'கொல்லப்பட்டார்.' முழு வாக்கியம்தான், ஆனால் கொன்றவன் இல்லை. செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் பழகிப்போன வாக்கியம். அந்த மரண விசாரணை முடிவுகள் எல்லாமே இந்த இலக்கண வசதியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.

1918 ஏப்ரலில் டயர் முதன்முதலில் கொண்டுவந்து, பிறகு பல முறை திருத்தி மீண்டும் மீண்டும் வைத்த மசோதாவின் சாதனை இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கும்பலைத் தண்டிப்பது அதன் ஒரு பகுதி. அதைவிட முக்கியமான பகுதிகள் இரண்டு. ஒருவரைக் காப்பாற்ற நியாயமான முயற்சி எடுக்காத அதிகாரிக்கு, கொன்றவர்கள் மேல் வழக்கு நடத்த முயலாத அதிகாரிக்கு, 5 வருடம் வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம். கொலை நடந்த கவுண்டி, இறந்தவர் குடும்பத்துக்கு 10,000 டாலர் கட்ட வேண்டும். கும்பல் ஒருவரை ஒரு கவுண்டியில் பிடித்து இன்னொரு கவுண்டிக்குக் கொண்டுபோய்க் கொன்றால் இரண்டு கவுண்டிகளும் சேர்ந்து பொறுப்பு.

தமிழில் இதற்குச் சரியான வினை இருக்கிறது. 'சாக விட்டார்.' கொல்லவில்லை, கை வைக்கவில்லை, விட்டார். ஆனாலும் வாக்கியத்தின் எழுவாய் அவர்தான். 'கொல்லப்பட்டார்' என்று முடிந்துபோயிருந்த வாக்கியத்தை எடுத்து, ஷெரிஃபை எழுவாயாக வைத்து, 'சாக விட்டார்' என்று அந்த மசோதா திருப்பி எழுதியது. அரசியலமைப்பின் பதினான்காவது திருத்தம் எந்த மாநிலமும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை யாருக்கும் மறுக்கக் கூடாது என்கிறது. 'மறுப்பது' என்றால் மாநிலம் ஏதாவது செய்ய வேண்டும், தனிமனிதர்கள் கொன்றால் அது மாநிலத்தின் செயல் இல்லை என்று 1870களிலிருந்தே உச்ச நீதிமன்றம் சொல்லி வந்தது. செய்யாமல் இருப்பதும் மறுப்புதான் என்பது டயர் மசோதாவின் வாதம்.

அபராதத் தொகையைக் கவனித்தீர்களா? கார் சட்டத்திலும் அதே 5 வருடம், அதே 5,000 டாலர். திருட்டுக் காரை எல்லை தாண்டி ஓட்டுகிறவனும், கண்ணெதிரே ஒரு மனிதனைக் கும்பலிடம் விட்டுக்கொடுக்கும் ஷெரிஃபும் டயரின் கணக்கில் ஒரே தட்டில் நிற்கிறார்கள். கோபமாகவும் இதைப் படிக்கலாம்: உயிரின் விலை கார் அளவுதானா? நான் வேறு மாதிரி படிக்கிறேன். ஏற்கனவே நீங்கள் தரத் தயாராக இருந்த தண்டனையைத்தான் கேட்கிறேன், அதற்கு மேல் ஒரு பைசாகூடக் கேட்கவில்லை என்று ஒரு வக்கீல் பேரம் பேசுவதுபோல எனக்குக் கேட்கிறது. அந்தப் பேரமும் படியவில்லை.

*

இந்த 'விட்டார்' என்னை ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஊருக்கான குடிமைப் புகார் மென்பொருளில் வேலை செய்தேன். புகார் வந்தால் எந்த வார்டு என்று கண்டுபிடித்து அந்த அலுவலருக்கு அனுப்ப வேண்டும். வரைபடத்தில் இரண்டு வார்டுகளுக்கு நடுவே கோடு சரியாகப் பொருந்தாத தெருக்கள் சில இருந்தன. அங்கிருந்து வரும் புகாரை என்ன செய்வது? 'வரம்புக்கு வெளியே' என்று குறித்து மூடிவிடு என்று ஒரு நிபந்தனை எழுதினேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மாதங்கள் கழித்து வேறு எதையோ தேடும்போது ஒரே எண்ணிலிருந்து வந்த ஒன்பது புகார்கள் கண்ணில் பட்டன. மூடியில்லாத சாக்கடை. ஒன்பது முறையும் நன்றி சொல்லிக் குறுஞ்செய்தி போயிருந்தது. ஒன்பது முறையும் மூடப்பட்டிருந்தது. புகார் உடனே மூடப்பட்டதால் எங்கள் சராசரித் தீர்வு நேரம்கூடக் குறைந்து காட்டியது, அதற்காக ஒரு கூட்டத்தில் பாராட்டினார்கள். அந்த நிரலில் தப்பான வரி என்று எதையும் காட்ட முடியாது. எல்லாம் விதிப்படி ஓடியது. நான் யாரையும் சாக்கடையில் தள்ளவில்லை. கோட்டை மட்டும் போட்டேன்.

ஒரு சாக்கடையையும் ஒரு கொலையையும் ஒப்பிடவில்லை. 'என் வரம்பில் வராது' என்ற வாக்கியம் எவ்வளவு சுத்தமாக, எவ்வளவு நிம்மதியாக எழுதவருகிறது என்பது எனக்கு உள்ளிருந்தே தெரியும், அதைத்தான் சொல்கிறேன்.

*

1922 ஜனவரி 26. பிரதிநிதிகள் சபையில் டயர் மசோதா 231க்கு 119 என்று நிறைவேறியது. பார்வையாளர் மாடத்தை நிறைத்திருந்த கறுப்பின மக்கள் ஆரவாரம் செய்தார்கள். அடுத்து செனட். டயரின் கட்சிக்கே அங்கும் பெரும்பான்மை, அதிபர் ஹார்டிங்கும் அதே கட்சி, லிஞ்சிங்குக்கு எதிராகக் காங்கிரஸ் முன்னால் பேசியவர். காகிதத்தில் பார்த்தால் தோற்க வழியே இல்லை.

எதிர்ப்பு இரண்டு வகை. தெற்கத்திய உறுப்பினர்கள் சொன்னது பழைய பொய்: வெள்ளைப் பெண்களைக் காக்கத்தான் இந்தக் கொலைகள். இதற்குப் பதில் எப்போதோ எழுதியாகிவிட்டது. 1890களிலேயே ஐடா பி. வெல்ஸ் தன் சிறு நூல்களில் ஊர் ஊராக, வழக்கு வழக்காக எடுத்து இந்தப் பொய்யை உடைத்திருந்தார். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பினர் உரிமை அமைப்பு 1889 முதல் 1918 வரை 3,224 கொலைகளைத் தொகுத்து 1919இல் புத்தகமாகவே போட்டது. 1922 நவம்பரில் அதே அமைப்பு பெரிய நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தது: அதுவரை 3,436 பேர், அதில் பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டாவது இருந்தவர்கள் 571 பேர்தான். கொல்லப்பட்டவர்களில் 83 பேர் பெண்கள். டயர் மசோதாவுக்கு உண்மையான ஆசிரியர்கள் யார் என்று கேட்டால் நான் முதலில் இந்தக் கணக்கை எழுதியவர்களைத்தான் சொல்வேன். செனட்டர்களின் அறைக் கதவுகளை மாதக்கணக்கில் தட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் வெல்டன் ஜான்சனை அடுத்து சொல்வேன். அவர் கவிஞர், நாவலாசிரியர், அந்த அமைப்பின் செயலாளர். டயருக்குக் கிடைத்த பெயரில் பாதி இவர்களுடையது.

இரண்டாவது எதிர்ப்பு கண்ணியமானது, அதனாலேயே வலுவானது. ஐடஹோ செனட்டர் வில்லியம் போரா, இவரும் வக்கீல்தான், கொலைகளை ஆதரிக்கவில்லை. ஆனால் இந்தச் சட்டம் அரசியலமைப்புக்குப் பொருந்தாது, கொலை மாநிலத்தின் பொறுப்பு என்றார். இதைப் பாசாங்கு என்று தள்ளிவிட முடியாது. என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவராக இருந்த மூர்ஃபீல்ட் ஸ்டோரிக்கே ஆரம்பத்தில் இதே சந்தேகம் இருந்தது. அவர் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் முன்னாள் தலைவர், சட்டம் தெரியாதவர் இல்லை. ஸ்டோரி தன் கருத்தை மாற்றிக்கொண்டார். போரா மாற்றிக்கொள்ளவில்லை. இருவர் முன்னாலும் இருந்தது அதே அரசியலமைப்பு, அதே வரிகள். எனக்குத் தோன்றும் வித்தியாசம் இதுதான்: ஸ்டோரியின் மேசைக்கு அந்த 3,224 பேரின் பட்டியலும் வந்துகொண்டிருந்தது. ஒரு பிரதியை யாரோடு உட்கார்ந்து வாசிக்கிறோம் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும் என்று இலக்கியத்தில் சாதாரணமாகச் சொல்கிறோம். சட்டத்தில் அது உயிர் விஷயம்.

செனட்டில் நடந்தது கடைசியில் வாதமே இல்லை. பேச்சை முடிக்காமல் இழுத்து அவையை முடக்குவதை அங்கே ஃபிலிபஸ்டர் என்பார்கள். 1922 நவம்பர் இறுதியில் அலபாமா செனட்டர் ஆஸ்கார் அண்டர்வுட் தலைமையில் தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினர் வேறு எந்த வேலையும் நடக்கவிடாமல் நிறுத்தினார்கள். சில நாட்களில், டிசம்பர் தொடக்கத்தில், குடியரசுக் கட்சியினர் கூடிப் பேசி மசோதாவைக் கைவிட்டார்கள். பெரும்பான்மை இருந்தவர்கள் கைவிட்டார்கள். செனட்டில் அந்த மசோதா தோற்கடிக்கப்படவில்லை, அதன் மேல் வாக்கெடுப்பே நடக்கவில்லை. சாக விட்டவர்களைத் தண்டிக்க வந்த மசோதாவை அவர்கள் சாக விட்டார்கள்.

*

டயரைப் பற்றி எழுதும்போது எப்போதும் ஒரு கேள்வி வரும். கறுப்பின வாக்குகளுக்காகத்தானே செய்தார்? இருக்கலாம். அவர் தொகுதியின் கணக்கைப் பார்த்தால் அந்தச் சந்தேகம் நியாயமானதே. நம் தலைமுறைக்கு இந்தக் கேள்வி கேட்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது, யாருடைய நல்ல காரியத்துக்கும் பின்னால் ஒரு கணக்கைத் தேடிப் பிடித்துவிட்டால் படித்தவர்கள் மாதிரித் தோன்றும். ஆனால் வாக்குக்காக ஒருவர் சட்டம் கொண்டுவருகிறார் என்றால், வாக்கு வேலை செய்கிறது என்று அர்த்தம். தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களுக்கு வாக்கு கிட்டத்தட்ட இல்லவே இல்லை, அதனால் அங்கே இப்படி ஒரு சந்தேகத்துக்கு ஆளாகும் காங்கிரஸ்காரர் ஒருவர்கூட இல்லை. பாலத்தைத் தாண்டி ஓடி வந்தவர்கள் மிசௌரியில் வாக்காளர்களாகவும் ஆனார்கள். டயரின் நோக்கத்தை அளக்க என்னிடம் கருவி இல்லை. அவர் மசோதாவின் வரிகளை அளக்க முடியும்.

அந்த அளவில் அவரை மிகையாகப் புகழவும் முடியாது. அவருக்குக் கட்சியை உலுக்கும் பலம் இருக்கவில்லை. தன் கட்சித் தலைவர்களை அவமானப்படுத்தி வழிக்குக் கொண்டுவரும் குரலும் இருக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பச் செய்தது ஒன்றுதான். விழுந்த மசோதாவை மறுபடி எடுத்து வந்தார். 1920கள் முழுக்க வைத்துக்கொண்டே இருந்தார். 1932 தேர்தலில் தோற்றார். அதன் பிறகு இரண்டு முறை நின்றும் ஜெயிக்கவில்லை.

சட்டம் வராமலேயே ஏதோ நடந்தது என்பதும் உண்மை. தஸ்கிகி நிறுவனத்தின் கணக்கில் 1922இல் 57 லிஞ்சிங் கொலைகள், 1923இல் 33, 1924இல் 16. வாஷிங்டன் உள்ளே வந்துவிடுமோ என்ற பயத்தில் சில ஷெரிஃபுகள் சிறைக் கதவைப் பூட்டக் கற்றுக்கொண்டிருக்கலாம். கூலியாட்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே போய்க்கொண்டிருந்ததும் காரணமாக இருக்கலாம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் கைவிடப்பட்ட ஒரு வரைவுகூட, எழுதப்பட்டு உரக்க வாசிக்கப்பட்டுவிட்டதால், கொஞ்சம் வேலை செய்யும் என்று நம்பத் தோன்றுகிறது.

1937இலும் 1940இலும் வேறு உறுப்பினர்களின் மசோதாக்கள் பிரதிநிதிகள் சபையில் ஜெயித்தன. இரண்டும் செனட்டைத் தாண்டவில்லை. 1955இல் மிஸிஸிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். இந்த வாக்கியத்தையும் திருத்தித்தான் எழுத வேண்டும்: அவனை இரண்டு வெள்ளையர்கள் கொன்றார்கள், வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களை விட்டது, விடுதலை கிடைத்த பிறகு அவர்களே ஒரு பத்திரிகையிடம் நாங்கள்தான் கொன்றோம் என்று சொன்னார்கள். டயர் அப்போது உயிரோடு இருந்தார், வயது 84. அந்தச் செய்தியைப் படித்திருப்பார் என்றே நினைக்கிறேன். 1957 டிசம்பரில் இறந்தார். 2005இல் செனட், இப்படி ஒரு சட்டத்தை நிறைவேற்றத் தவறியதற்காக மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் போட்டது. அதற்குள் காங்கிரஸில் ஏறத்தாழ 200 மசோதாக்கள் வைக்கப்பட்டிருந்தன. லிஞ்சிங்கை ஃபெடரல் குற்றமாக்கும் சட்டத்தில் 2022 மார்ச் 29 அன்று பைடன் கையெழுத்துப் போட்டார். டயர் மசோதா பிரதிநிதிகள் சபையில் ஜெயித்து 100 வருடம் ஆகியிருந்தது. சட்டத்தின் பெயர் எம்மெட் டில் பெயர்.

அதுதான் சரி. டயரின் பெயர் கார் திருட்டோடு இருக்கட்டும்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022 சட்டம் கும்பலைத் தண்டிக்கிறது, 30 வருடம் வரை சிறை. கதவைத் திறந்துவிட்ட ஷெரிஃபும், பார்த்துக்கொண்டிருந்த கவுண்டியும், குடும்பத்துக்குக் கட்ட வேண்டிய 10,000 டாலரும் 1922 வரைவோடு நின்றுவிட்டன. நூறு வருடம் கழித்து வந்த பிரதியைவிட, நிறைவேறாமல் போன பிரதி ஒரு விஷயத்தில் துணிச்சலானது. சாக விட்டவனை எழுவாயாக வைத்து எழுதிய அந்த வாக்கியம் இன்னும் வரைவாகவே இருக்கிறது.

நான் எழுதிய அந்த நிபந்தனையைப் பிற்பாடு மாற்றினோம். வரம்பில் வராத புகார் இப்போது மூடப்படாது, இரண்டு வார்டு அலுவலர்களுக்கும் போகும், யாராவது ஒருவர் பார்க்கும்வரை திறந்தே இருக்கும். பிடித்த கவுண்டியும் கொன்ற கவுண்டியும் சேர்ந்து பொறுப்பு என்ற டயரின் வரியை அப்போது நான் படித்திருக்கவில்லை. படித்திருந்தால் ஒன்பது புகார் வரை காத்திருந்திருக்க மாட்டேன்.